பழைய காரில் பெட்ரோல் வாசனை! புகைச் சான்றிதழ் சொல்லாத சேதி

சித்திரை மாதம். விருத்தாசலத்து வெயில். காலை எட்டு மணிக்கே தகரக் கூரை கொதிக்கிறது.

பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அகல் விளக்குகளும் பொம்மைகளும் அடுக்கி இருக்கின்றன. நடுவில் சூளை. மறுபக்கம் நிழலுக்காக நிறுத்திய கார். பதினைந்து வயதான பெட்ரோல் கார்.

சொந்தக்காரர் கொட்டகைக் கதவைத் திறக்கிறார். குப்பென்று பெட்ரோல் வாசனை!

அவர் குனிந்து பார்க்கிறார். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. டாங்கியில் ஒழுக்கு இல்லை. என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. புகைச் சான்றிதழும் இருக்கிறது. போன மாதம்தான் காசு கொடுத்து வாங்கியது. "தேறியது" என்று அச்சடித்து இருக்கிறது.

அப்படியானால் வாசனை எங்கிருந்து வருகிறது?

இது ஒரு பட்டறைக்காரரின் கவலை மட்டும் அல்ல. பழைய கார் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடியது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனைகள் எல்லாம் அதைக் கண்டுகொள்ளாமல் போகின்றன. அதுதான் விஷயம்.

கரிப்பெட்டி

பெட்ரோல் சும்மா இருக்காது. மூடி வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற டாங்கிக்குள் ஆவி பெருகும். அதற்குப் போக்கிடம் வேண்டும். இல்லாவிட்டால் டாங்கி உப்பும்.

பழங்காலத்துக் கார்களில் அந்த ஆவியை நேரே வெளியே விட்டார்கள். மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அவ்வளவுதான்.

இப்போது அப்படி இல்லை. 2000-க்குப் பின் வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒரு கறுப்பு டப்பா இருக்கும். சில கார்களில் என்ஜினுக்குப் பக்கத்தில், சில கார்களில் பின்னால் டாங்கிக்கு அருகில். மெக்கானிக்குகள் இதைக் "கேனிஸ்டர்" என்பார்கள். கரிப்பெட்டி என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். உள்ளே இருப்பது கரிதான்.

ஆனால் அடுப்புக் கரி அல்ல. மரத்திலிருந்தும், தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும், நிலக்கரியிலிருந்தும் தனிப் பக்குவத்தில் செய்யும் கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடித் துளைகள் உண்டு. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு மட்டும் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நான்கு கிராமை விரித்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு ஏக்கர் நிலம் அடங்கி இருக்கிறது என்றால் ஆச்சரியம் அல்லவா?

கார் நிற்கும்போது டாங்கியிலிருந்து வரும் ஆவி ரப்பர் குழாய் வழியாக இந்தப் பெட்டிக்கு வரும். கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார் ஓடும்போது, என்ஜின் சூடான பிறகு, ஒரு சிறிய மின்சார வால்வு திறக்கும். அதற்குப் "பர்ஜ் வால்வு" என்று பெயர். என்ஜின் மூச்சை இழுக்கும். வெளிக்காற்று கரிக்குள் புகுந்து, தங்கியிருந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு என்ஜினுக்குள் போகும். அங்கே அது எரிந்துவிடும்.

ஆவியும் வீணாகாது, ஊர்க் காற்றும் கெடாது. டீசல் காருக்கு இந்த ஏற்பாடு கிடையாது. டீசல் இப்படி எளிதில் ஆவியாகாது.

ஒரு டப்பா, இரண்டு மூன்று குழாய்கள், ஒரு வால்வு, டாங்கி மூடி. இவற்றில் எது பழுதானாலும் ஆவி தன் பழைய வழியில் வெளியே போக ஆரம்பித்துவிடும்.

அன்னாசிப் பழ ஆராய்ச்சிக்காரர்

இந்தப் பெட்டி வந்த கதை சுவையானது.

1940-களில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புதுவகைப் புகைமூட்டம் பிடித்தது. கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தொழிற்சாலைகளைச் சொன்னார்கள். சிலர் குப்பை எரிப்பதைச் சொன்னார்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு விஞ்ஞானி இருந்தார். பெயர் ஆரி ஹாகன்ஸ்மிட். ஹாலந்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு வேலை அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்வது! காற்றில் கலந்த மணத்தைப் பிடித்துப் பிரித்துப் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். அதே வித்தையை ஊர்க் காற்றிடம் காட்டினார்.

என்ன தெரிந்தது? எரியாத பெட்ரோல் ஆவியும், வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களும் வெயிலில் சேர்ந்து "ஓசோன்" என்ற வாயுவாக மாறுகின்றன. வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. தரையில் இருக்கும் ஓசோன் நுரையீரலுக்குப் பகை.

ஓசோனை அளக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? வளைத்த ரப்பர்த் துண்டைக் காற்றில் வைத்தார். எவ்வளவு சீக்கிரம் ரப்பர் வெடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார். ஓசோன் ரப்பரைத் தின்னும்!

கட்டுப்பாடு எதுவும் இல்லாத அந்தக் காலத்துக் காரிலிருந்து வெளியேறிய பெட்ரோல் மாசில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, புகைக் குழாய் வழியாகப் போகவே இல்லை. டாங்கியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் சும்மா ஆவியாகிப் போனது. அதனால்தான் 1970-ம் ஆண்டுக் கார்களிலிருந்து கலிபோர்னியா மாநிலமும், 1971-லிருந்து அமெரிக்கா முழுவதும் ஆவியைப் பிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கின.

இங்கே என்ன சோதிக்கிறார்கள்?

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. பாரத் நிலை விதிகளின்படி, புதிய பெட்ரோல் கார் ஒன்றை மூடிய அறைக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள். அதிலிருந்து வரும் ஆவி ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது. கடுமையான விதிதான். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் அந்தச் சோதனை கம்பெனிக்குத்தான். உங்கள் வீட்டுக் கார் விற்பனையாகி வெளியே வந்த பிறகு, அந்த அறைக்குள் அதை யாரும் மறுபடி வைப்பது இல்லை. ஒரு வருஷம் ஆனாலும் இல்லை. இருபது வருஷம் ஆனாலும் இல்லை.

புகைச் சோதனை நிலையத்தில் என்ன நடக்கிறது? ஒரு குழலைக் காரின் புகைக் குழாய்க்குள் விடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, எரியாத எரிபொருள் எவ்வளவு என்று இயந்திரம் சொல்கிறது. பாரத் 4-ம் நிலை பெட்ரோல் கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், எரியாத எரிபொருள் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால் சான்றிதழ்.

குழல் போவது வண்டியின் வால் பக்கம். ஆவி போவது வேறு பக்கம். டாங்கி மூடியை யாரும் திருகிப் பார்ப்பது இல்லை. கரிப்பெட்டி இருக்கிறதா, யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா என்று கேட்பது இல்லை.

ஆகவே பட்டறைக்காரரின் சான்றிதழ் பொய் அல்ல. அது பார்த்ததைச் சொல்கிறது. பார்க்காததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சட்டம் என்னவோ பெரியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாசு விதியை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றார்கள். அந்த அபராதத்துக்குப் பயந்து ஜனங்கள் சான்றிதழ் வாங்குகிறார்கள். கரிப்பெட்டியைப் பார்ப்பதற்கு அந்தப் பயம் உதவவில்லை.

விளக்கும் எரியாது

"காரில் மஞ்சள் விளக்கு இருக்கிறதே! ஏதாவது கெட்டால் அது எரியுமே!" என்று சிலர் சொல்லலாம்.

அமெரிக்காவில் 1996 முதல் காரே தன் ஆவிப் பாதையைச் சோதித்துக்கொள்கிறது. 1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் விளக்கு எரியும். பிறகு அதை அரை மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அங்கே டாங்கி மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலே விளக்கு வந்துவிடும்.

நம் நாட்டில் சுயசோதனை விதி 2010-க்குப் பிறகு, பாரத் 4-ம் நிலைக் கார்களோடு வந்தது. அதிலும் ஓட்டையைத் தேட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வால்வுக்குப் போகும் மின்கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். குழாய் வெடித்தால் விளக்குக்குத் தெரியாது. அதற்கும் முந்திய கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

சான்றிதழுக்குத் தெரியாது. விளக்குக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது மூக்குதான்!

டெல்லியில் நடந்த சண்டை

பழைய கார்களைப் பற்றி நாட்டில் பேச்சு இல்லாமல் இல்லை. 2025 ஜூலை முதல் தேதி டெல்லியில் ஓர் உத்தரவு வந்தது. 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும், 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் பங்கில் எண்ணெய் கிடையாது என்றார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களில் உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, வயதை மட்டும் காரணம் காட்டி வண்டிக்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் 4-ம் நிலை வண்டிகளுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும் என்று சுருக்கியது.

இந்தச் சண்டை முழுவதும் வண்டியின் வயதைப் பற்றியது. வண்டியின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்து வயதுக் காரில் குழாய் வெடித்திருக்கலாம். இருபது வயதுக் காரில் எல்லாம் சரியாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் அந்த மாதிரித் தடை இல்லை. 15 வருஷம் ஆனதும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் ஓட்டலாம். ஆனால் செலவு ஏறிவிட்டது. மத்திய அரசாங்கம் 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5 ஆயிரம் ஆக்கியது. 20 வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10 ஆயிரம் ஆக்கினார்கள். வேறு வரிகள் தனி.

கட்டணம் கட்டுகிறவன் அதற்குப் பதிலாக ஒன்றைக் கேட்கலாம் அல்லவா? சோதிக்கிறவர் மூடியைத் திருகிப் பார்க்கட்டும். குழாயைத் தொட்டுப் பார்க்கட்டும். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் டாங்கி மூடியைத் தனியே கழற்றிக் காற்றடித்துச் சோதிக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. இங்கே அதைச் செய்யக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

ரப்பருக்கு வந்த புது எதிரி

குழாய் ஏன் வெடிக்கிறது?

முதல் காரணம் வயது. என்ஜின் சூட்டிலேயே கிடக்கும் ரப்பர் காய்ந்து முறுகிவிடும். இரண்டாவது எலி. சூளை இருக்கும் இடத்தில் வைக்கோல் இருக்கும். பீங்கானை உடையாமல் அனுப்ப வைக்கோல் வேண்டும். வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மூன்றாவது ஓசோன். ஹாகன்ஸ்மிட்டின் ரப்பர்த் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான்காவதாக ஒன்று பேசப்படுகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்.

2025-ல் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் சாராயம் அது. அன்னியச் செலாவணி மிச்சம், விவசாயிக்கும் வருமானம். ஆனால் பழைய கார்களின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இந்தக் கலவையை நினைத்துச் செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர்ப் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம்; அதற்குச் செலவு குறைவு என்று சொன்னது.

செலவு குறைவுதான். ஆனால் எந்த ரப்பர், எப்போது என்று வண்டிக்காரருக்கு யார் சொல்வது? வழக்கமான சர்வீசில் எண்ணெய் மாற்றுகிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். வாசனை வராதவரை ஆவிக் குழாய் பக்கம் கை போவது இல்லை.

சூளைக்குப் பக்கத்தில் கார்

வாசனைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாமா?

பணக் கணக்கில் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆவியாகிப் போகும் பெட்ரோலால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு பரவும். பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே போதும். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பனி உறையும் குளிரில்கூடப் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் கேட்பானேன்!

பட்டறையில் பொறிக்கா பஞ்சம்? பீங்கான் வேகும் சூளை 1,200 டிகிரியையும் தாண்டும். மோட்டார் சுவிட்சு இருக்கிறது. பீடி பிடிக்கும் ஆள் இருக்கிறார்.

ஆவி கசியும் கார் எல்லாம் வெடித்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். திறந்த வெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய கொட்டகை, இரவு முழுக்க அசையாத காற்று, பக்கத்தில் நெருப்பு. இந்த மூன்றும் சேரும் இடம்தான் கவலைக்கு உரியது. பீங்கான் பட்டறையில் மூன்றும் சேரும்.

வீட்டில் வேறு கவலை. நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் ஒரு சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அதை முதல் வரிசையில் வைத்திருக்கிறது. வாசல் போர்ட்டிகோவில் கார். அதை ஒட்டிப் படுக்கை அறை ஜன்னல். ஜன்னல் ஓரத்தில் குழந்தையின் தொட்டில். எத்தனை வீடுகளில் இந்த அமைப்பு!

பெரிய நகரங்களில் பெட்ரோல் பங்குகளுக்கே ஆவியைத் திருப்பிப் பிடிக்கும் ஏற்பாடு கேட்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்குகளுக்கு அப்படி விதித்தது. ஆனால் அது ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில், விற்பனை மிகுந்த பங்குகளுக்கு. 2011 கணக்கெடுப்பில் விருத்தாசலத்தின் ஜனத்தொகை லட்சத்தை எட்டவில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் ஆவியைத் தடுக்க நிற்கும் காவல்காரன் காருக்குள் இருக்கும் கரிப்பெட்டி ஒன்றுதான்.

காருக்குள் ஒரு பீங்கான்

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்னொரு தொல்லை. ஆவி கணக்கில்லாமல் என்ஜினுக்குள் போகும். பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது வண்டி மக்கர் செய்யும். நின்ற இடத்தில் குலுங்கும். எரியாத மிச்சம் புகைக் குழாய்க்குப் போகும்.

அங்கேதான் விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பழக்கமான பொருள் ஒன்று இருக்கிறது. பீங்கான்!

புகையைச் சுத்தம் செய்யும் "கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்" என்ற பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. களிமண், மாக்கல் பொடி, அலுமினா இவற்றைச் சேர்த்துச் சுட்ட பீங்கான் அது. ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணறைகள்கூட இருக்கும். சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு. எரியாத பெட்ரோல் மிகுதியாக வந்தால் அது இந்தக் கூட்டுக்குள் எரியும். சூடு தலைக்கு ஏறும். நாளாவட்டத்தில் பூச்சு கெடும். மிஞ்சினால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். சூளையில் வெப்பம் தப்பினால் சரக்கு என்ன ஆகும் என்று இந்த ஊரில் பாடம் நடத்த வேண்டியது இல்லை.

சில நூறு ரூபாய்க் குழாயையும் வால்வையும் கவனிக்காமல் விட்டால், பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி போகும்.

என்ன செய்யலாம்?

முதலில் டாங்கி மூடி. அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால், தட்டையாகிப் போயிருந்தால், மூடியை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்தாலும் முடியும்.

அடுத்து குழாய்கள். என்ஜின் ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், திறந்த இடத்தில் பார்க்க வேண்டும். குழாயை லேசாக வளைத்தால் வெடிப்பு தெரியும். நுனிகளில்தான் முதலில் வெடிக்கும். மாற்றும்போது பெட்ரோலுக்கு என்றே செய்த குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு மாதத்தில் அது ஊறிப் பிசின் ஆகிவிடும்.

தீக்குச்சி கிழித்து ஓட்டையைத் தேடும் வீரர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பது இல்லை என்று நம்புவோம்.

வால்வு சாதாரணமாக மூடியே இருக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, வால்வைக் கழற்றி ஊதினால் காற்று போகக் கூடாது. மின்சாரம் கொடுத்தால் "டிக்" என்று சத்தம் வந்து திறக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் மாற்ற வேண்டியதுதான். இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. ஆவி படிந்த வால்வில் வாய் வைக்கக் கூடாது.

கரிப்பெட்டி எப்போது கெடும்? அடியில் கல் அடித்து உடையும். அல்லது பெட்ரோல் குடித்துக் கெடும். இந்த இரண்டாவது, ஆளே தேடிக்கொள்ளும் வினை. பங்கில் குழாய் "டக்" என்று தானாக நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம், கணக்கு ரவுண்டாக வரட்டும்" என்று கழுத்து வரை ஊற்றச் சொல்வோம். அந்த மிகுதி, ஆவிப் பாதை வழியாகக் கரிப்பெட்டிக்குள் இறங்கும். கரி நனைந்தால் ஆவியைப் பிடிக்காது. குருணையாக உதிர்ந்து வால்வையும் அடைக்கும். பெட்டியைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தாலோ, பெட்ரோல் வழிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

புதுப் பெட்டிக்கு நிறையப் பணம் ஆகும். பழைய மாடல் என்றால் கிடைப்பதே சிரமம். அப்போது சிலர் சென்னைப் புதுப்பேட்டைக்கு ரயில் ஏறுகிறார்கள். கழற்றிய சாமான் அங்கே கிடைக்கும். தவறு இல்லை. ஆனால் இன்னொரு காரில் பெட்ரோல் குடித்துக் கெட்ட பெட்டியைச் சுமந்துகொண்டு வரக் கூடாது. அங்கேயே குலுக்கிப் பார்க்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். முளைகள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. "இந்த டப்பா எதற்கு? எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும்" என்று சொல்லிக் குழாய்களுக்கு போல்ட்டு அடைப்பு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மைலேஜ் கூடாது. எல்லாப் பக்கமும் அடைத்தால் டாங்கிக்கு மூச்சு முட்டும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டாங்கி ஒடுங்கும், பம்பு திணறும். அடைக்காமல் திறந்து விட்டாலோ பழைய காலத்துக் கார்தான். வாசனை முழுக்க வீட்டுக்குள்.

குழாய் மாற்றும்வரை காரைக் கொட்டகையை விட்டு வெளியே, சூளைக்குத் தூரமாக, வேப்ப மர நிழலில் நிறுத்தலாம். மாற்றிய பிறகு ஓர் இரவு கொட்டகையில் பூட்டி வைத்துப் பார்க்கலாம். மறுநாள் காலையில் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வாசலில் நின்றபடியே மோந்து பார்க்க வேண்டும். விளக்குச் சுவிட்சைத் தட்டுவது அதற்குப் பிறகு.